அம்புக்குறி சாமி

கல்லில் இருந்த குங்குமம் துடைத்தும் போகவில்லை.

ராஜமாணிக்கம் முதலில் விரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டால் தேய்த்தார். எச்சில் தொட்டுக்கூடத் தேய்த்திருப்பார். ஆனால் பக்கத்தில் எலுமிச்சம்பழமும் செம்பருத்திப் பூவும் பாதி எரிந்த கற்பூரமும் இருந்ததால் மனம் வரவில்லை. குங்குமம் மஞ்சள் பெயின்ட்டுக்குள் இறங்கி, பெயின்ட்டோடு பெயின்ட்டாகக் காய்ந்து போயிருந்தது.

"அய்யய்யோ! இன்னாப்பா பண்ற? சாமி குங்குமத்தையா அழிக்கிற?"

திரும்பிப் பார்த்தார். கடலைக் கொல்லையிலிருந்து புல்லுக்கட்டோடு வந்த கன்னியம்மாள், கட்டை அப்படியே கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். அடி அண்ணாமலையில் கன்னியம்மாள் இடுப்பில் கை வைத்து நின்றால் மணல் லாரிகூட நின்றுவிட்டுத்தான் போகும்.

"அக்கா, இது சாமி இல்லக்கா. நேத்து சாயங்காலம் நான் பெயின்ட் அடிச்ச கல்லு. ஞாயித்துக்கெழம பெங்களூர்லேர்ந்து சைக்கிள்காரங்க வர்றாங்க. அவங்களுக்கு வழி தெரியணும்னு அம்புக்குறி போட்டிருக்கேன். 'நேரா போ'ன்னு அர்த்தம்."

கன்னியம்மாள் குனிந்து பார்த்தாள். மஞ்சள் கல். அதன் நடுவில் சிவப்பாக, கூராக, மேலே பார்த்தபடி ஒரு குறி.

"நேரா போன்னா அம்பு எதுக்கு மேல பாக்குது? சைக்கிள்காரங்க வானத்துக்கா போறாங்க?"

"எல்லா ஊர்லயும் அப்படித்தான்கா போடுவாங்க."

"எல்லா ஊர் கதை எனக்கு எதுக்கு? இது வேலு. வேலு எனக்குத் தெரியாதா?"

"அதுக்காக உடனே குங்குமம் வச்சிடறதா?"

"கற்பூரம் நான் ஏத்தினேன். எலுமிச்சம்பழம் என் மருமவ வச்சா. குங்குமம் நாங்க வைக்கல. நாங்க வரும்போதே இருந்துச்சு. யாரோ வச்சிருக்காங்க. தெரியாமயா வைப்பாங்க?"

அவள் கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

வேறு சமயமாக இருந்தால் ராஜமாணிக்கம் சிரித்திருப்பார். இப்போது சிரிக்க முடியவில்லை. ஏனென்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை காலையில் அவர் மச்சானின் பாத்திரக் கடையில் போய் உட்கார வேண்டும்.

கிரிவலப் பாதையை ஒட்டி அவருக்கு மாடி வீடு. மாடியில் நாலு அறை கட்டி வெளியூர்க்காரர்களுக்கு விட்டிருந்தார். பௌர்ணமிக்கு அறைகள் நிரம்பும். மற்ற நாட்களில் புறாக்கள் தங்கும். இதைச் சரிக்கட்ட அவர் செய்து பார்க்காத தொழில் இல்லை. காளான் போட்டார். காளானைத் தவிர மற்றதெல்லாம் முளைத்தது. முயல் வளர்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டதால் விற்க மனம் வராமல் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பௌர்ணமிக்குச் சந்திரகலா வந்து தங்கினாள். போளூரில் பிறந்து, பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண். காலையில் மொட்டைமாடியில் நின்று ஏரியையும், ஏரிக்கு அப்பால் இருந்த சின்னக் கரட்டையும், கரட்டுக்குக் கீழே சவுக்குத் தோப்பையும் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"சார், பெரிய மலையில சைக்கிள் ஓட்டக் கூடாது, அது வேணாம். ஆனா இந்தக் கரட்டைச் சுத்தி ஒரு பாதை போட்டுக் கொடுத்தீங்கன்னா எங்க மவுண்டன் பைக் கிளப் மாசாமாசம் இங்க வந்து தங்கும்."

மேடு பள்ளத்தில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிளை அவள் செல்போனில் காட்டினாள். நல்ல ரோடு இருக்கும்போது ஒரு மனிதன் ஏன் கல்லிலும் முள்ளிலும் ஓட்ட வேண்டும் என்று ராஜமாணிக்கத்துக்குப் புரியவில்லை. ஆனால் 'மாசாமாசம்' என்பது நன்றாகவே புரிந்தது.

மனைவி ரேணுகாம்பாளுக்கும் புரிந்தது. அவள் ஒரு நிபந்தனை போட்டாள்.

"செய்யுங்க. ஆனா இதான் கடைசி. இதுவும் காளான் மாதிரி போச்சுன்னா மறுநாளே என் தம்பி கடையில போய் உக்காந்துடணும். அவன்கிட்ட பேசிட்டேன்."

"இன்னா சொன்னான் உன் தம்பி?"

"ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் 'சரிக்கா'ன்னான்."

"பாத்தியா! இப்பவே முதலாளி மாதிரி யோசிக்கிறான்."

தம்பி சின்னசாமிக்குத் திருவண்ணாமலைக் கடைத்தெருவில் பெரிய பாத்திரக் கடை. ராஜமாணிக்கத்தின் கல்யாணத்தில் அரை டிராயரோடு பந்திக்குப் பந்தி அப்பளம் பொறுக்கியவன் அவன். அவன் முதலாளி நாற்காலியிலும், தான் அவனுக்கு எதிரே ஸ்டூலிலும் உட்காருவதை நினைத்தாலே அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

வியாபாரம் தெரியாது என்பதல்ல. இரண்டு வருஷத்துக்கு முன் தீபாவளிச் சமயத்தில், கூட்டம் ஜாஸ்தி என்று ஒரு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்தவர்தான். "வீட்ல மூணு பேருதானே, இருக்கற குக்கரே போதும்மா" என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "அன்னிக்கு வந்தவங்க ஒருத்தர் விடாம சிரிச்ச முகத்தோட போனாங்க" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கையில் பை இல்லாமல் போனார்கள் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்வதில்லை.

அதனால்தான் சின்னசாமியின் போக்கு அவருக்குச் சந்தேகமாக இருந்தது. சவுக்குத் தோப்பு அவனுடையது. அதன் வழியாகப் பாதை போடட்டுமா என்று கேட்டு முடிப்பதற்குள் "தாராளமா போடுங்க மாமா" என்றான். மஞ்சள் பெயின்ட்டும் சிவப்புப் பெயின்ட்டும் அவனே வாங்கிக் கொடுத்தான். நேற்று சாயங்காலம், தோப்பில் பாதை பிரியும் இடத்தில் இந்தக் கல்லுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு அவர் அடுத்த கல்லுக்கு நகர்ந்தபோதும், அவன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த ஆள் எப்போது குப்புற விழுவார் என்று பார்க்கிறான், வேறு என்ன?

விழக் கூடாது என்று ராஜமாணிக்கம் முடிவு செய்தார். கல்லைப் பற்றி யோசித்தார். அம்பு மேலே பார்ப்பதால்தானே அது வேல்? பக்கவாட்டில் பார்த்தால் வெறும் அம்புதானே? படுத்துக் கிடக்கிற வேலை யார் கும்பிடப் போகிறார்கள்? சனிக்கிழமை வந்து நேர்வழிக்கு வேறு நிறத்தில் புது அம்பு போட்டுக்கொண்டால் போயிற்று.

அன்று சாயங்காலம் ஆள் நடமாட்டம் குறைந்ததும் தோப்புக்குப் போய், கடப்பாரையால் நெம்பி, முக்கி முனகிக் கல்லைப் புரட்டினார். சிவப்பு அம்பு இப்போது இடது பக்கம் ஏரியைப் பார்த்தது. கையைத் தட்டிவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்து இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேணுகாம்பாள்தான் எழுப்பினாள்.

"ஏங்க, எழுந்திருங்க. தோப்புல முருகன் திரும்பிட்டாராம். ஊரே போவுது."

"எங்க திரும்பிட்டாரு?"

"ஏரியப் பாத்து."

அவர் போய்ச் சேர்ந்தபோது கல்லைச் சுற்றிக் கூட்டம். கல்லுக்கு இப்போது சாமந்தி மாலையும் சின்னதாக ஒரு மஞ்சள் துணியும் வந்திருந்தன. கன்னியம்மாள் நடுவில் நின்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வானத்தைக் காட்டுச்சு. இன்னிக்கு ஏரியைக் காட்டுது. மழை அங்கேர்ந்து இங்க வரப்போவுதுன்னு இதவிட எப்படிச் சொல்லும்?"

ராஜமாணிக்கத்துக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நல்லது என்று கூட்டத்துக்குள் புகுந்தார்.

"யாரும் தப்பா நினைச்சுக்காதீங்க. சாமி திரும்பல. நான்தான் கடப்பாரை போட்டுத் திருப்பினேன்."

கன்னியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன்னத் திருப்ப வச்சது யாரு?"

"யாரு? நானேதான்..."

"இத்தினி வருசமா இந்தத் தோப்புல எவ்ளோ கல்லு கெடக்குது. ஒரு கல்லயாவது திருப்பியிருக்கியா?"

"இல்ல."

"பெயின்ட் அடிச்சிருக்கியா?"

"இல்ல. ஆனா..."

"அப்ப?"

பின்னால் நின்ற ஒரு பெண் எட்டி வந்து அவர் நெற்றியில் விபூதியை அள்ளிப் பூசினாள். ஒருவர் தன் குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் செல்போன் அடித்தது. சின்னசாமி.

"மாமா, தோப்புல ஒரே கூட்டமாமே? ஞாயித்துக்கெழம விஷயம் கெட்டுப்போயிடாதே?"

"ஏன் கெட்டுப்போவுது?"

"இல்ல மாமா, நல்லபடியா நடக்கணும்ல. கண்டிப்பா நடக்கும்ல?"

"நடக்கும்!" என்று போனை வைத்தார். ரேணுகாம்பாளிடம், "உன் தம்பிக்குக் கிண்டலைப் பாரு. ஸ்டூலைத் துடைச்சு வச்சிருப்பான்" என்று பொருமினார்.

இரண்டாவது யோசனை அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தபோது தோன்றியது. சாமி இல்லை என்று சொன்னால்தானே சண்டை? அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சைக்கிள் பாதை என்று ஒரு பலகை வைத்துவிட்டால் படித்தவர்கள் புரிந்துகொண்டு மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவார்கள். ஒரு தகரத்தில் தானே கொட்டை எழுத்தில் எழுதி, தோப்பு வாசலில் நட்டார்.

'இது பாதை. அம்புக்குறியைப் பார்த்து, கரட்டைச் சுற்றி வரவும்.'

'சைக்கிள்' என்று சேர்க்க இடம் இல்லாமல் போய்விட்டது. பாதை என்றாலே தெரியாதா என்று விட்டுவிட்டார்.

வேறு ஊராக இருந்தால் அந்தப் பலகையை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் திருவண்ணாமலைக்காரனிடம் ஒரு மேட்டைக் காட்டி, சுற்றி வா என்று எழுதிப் போட்டால் அவன் வேறென்ன செய்வான்? செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றுவான்.

சனிக்கிழமை காலையில் அவர் பார்த்தபோது பலகைக்குக் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. கரட்டைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாக நடந்துகொண்டிருந்தார்கள். டவுனைத் தாண்டி வேங்கிக்கால் புது வீடுகளிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவர் ராஜமாணிக்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நல்ல காரியம் பண்ணீங்க சார். பெரிய கிரிவலம் போனா எனக்கு முட்டி வலி ஜாஸ்தி. இது தூரம் கம்மி. புண்ணியமும் கொஞ்சம் கம்மியா இருக்கும், பரவாயில்ல."

ராஜமாணிக்கம் வாயைத் திறக்குமுன் வேறொரு விபரீதம் கண்ணில் பட்டது. சுற்றுகிறவர்கள் எல்லோரும் அவர் போட்ட அம்புகளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அதாவது, எதிர்ப்பக்கம் என்று அவர் நினைத்தார். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அம்புகளும் அந்தப் பக்கமே காட்டின. அவர் பெயின்ட் அடித்த கல் ஒன்று விடாமல் எல்லாவற்றையும் திருப்பி வைத்திருந்தார்கள்.

"கன்னியம்மா அக்கா! இது என்ன?"

"நல்லா கேட்ட. கரட்டை இடப்பக்கம் வச்சு சுத்தச் சொல்லி அம்பு போட்டிருக்கியே, யாராவது சாமியை அப்படிச் சுத்துவாங்களா? வலப்பக்கமில்ல இருக்கணும்? பெரியவங்க யாரும் உனக்குச் சொல்லித் தரலியா?"

"அது சந்திரகலா மேப்புல போட்டுக் கொடுத்ததுக்கா!"

"அந்தப் பொண்ணு வரட்டும், நானே சொல்லித் தரேன்."

மத்தியானத்துக்கு மேல் ராஜமாணிக்கம் தோப்பு ஓரமாகப் போய் நின்று செல்போனை எடுத்தார். மழை, வெள்ளம், சிறுத்தை என்று ஏதாவது சொல்லி, அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போட்டுவிடலாம்.

"சார்!" என்று சந்திரகலா உற்சாகமாகக் கத்தினாள். பின்னால் லாரி ஹாரன் சத்தம். "நாங்க கிருஷ்ணகிரி தாண்டிட்டோம் சார். சைக்கிளெல்லாம் வேன் மேல கட்டியாச்சு. ராத்திரி உங்க வீட்ல இட்லிதானே?"

"இட்லிதாம்மா" என்றார் ராஜமாணிக்கம்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. கன்னியம்மாள் வீட்டுக்குப் போய், மானத்தை விட்டுக் கெஞ்சினார். "அக்கா, நாளைக்கு ஒரு காலை மட்டும் பாதையை விட்டுக் கொடுங்க. அவங்க சைக்கிள்ல சுத்திட்டுப் போயிடுவாங்க. இது என் வாழ்க்கைப் பிரச்சினை."

கன்னியம்மாளின் முகம் சட்டென்று மாறியது. அவளுக்கு இளகிய மனம். அதுதான் ஆபத்து.

"பெங்களூர்லேர்ந்து நம்ம சாமியைச் சுத்த வர்றாங்களா? சைக்கிள் மெதிச்சுக்கிட்டா? அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்ற புள்ளைங்களை வெறும் வயித்தோடவா சுத்த விடறது? நீ போய் நிம்மதியா தூங்கு. நாங்க பாத்துக்கறோம்."

அவர்கள் எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது இருட்டுவதற்குள் தெரிந்துவிட்டது. சின்னசாமி கடையின் சரக்கு வண்டி தோப்பு வாசலில் வந்து நின்றது. டிரைவர் அப்பாதுரை பெரிய பெரிய அண்டாக்களை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் யாருக்கு அப்பாதுரை?"

"அன்னதானத்துக்குங்க. கன்னியம்மா கேட்டாங்களாம். முதலாளி உடனே எடுத்துட்டுப் போன்னாரு. 'எதுக்கும் குறை வைக்காத, எல்லாம் நல்லபடியா நடக்கணும்'னு ரெண்டு தடவை சொன்னாருங்க."

"சொல்லுவான், சொல்லுவான்" என்றார் ராஜமாணிக்கம். எரிகிற வீட்டுக்கு எண்ணெய் அனுப்புகிறானே, பாவி.

வீட்டில் ரேணுகாம்பாள் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கா?"

"திங்கக்கெழமைக்கு" என்றாள் அவள் நிமிராமலே.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சந்திரகலாவின் கிளப் புறப்பட்டது. தலையில் ஹெல்மெட், கையில் உறை, கண்ணில் கறுப்புக் கண்ணாடி என்று பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களுடைய சைக்கிள்கள் ஒவ்வொன்றும் ராஜமாணிக்கத்தின் மோட்டார் சைக்கிளைவிட விலை அதிகம் என்று தெரிந்தபோது அவருக்கு லேசாக மயக்கம் வந்தது. கிளம்பும்போது, "கொஞ்சம்... எதிர்ப்பக்கமா சுத்துங்கம்மா. ஊர் வழக்கம்" என்று மட்டும் சொன்னார்.

ஏரிக்கரையில் வேகமெடுத்து வந்தவர்களைத் தோப்பு வாசலில் கன்னியம்மாள் நிறுத்தினாள். இடுப்பில் கை.

"எறங்குங்க. புது வண்டியா இருக்குது, எலுமிச்சம்பழம் நசுக்காம எடுத்துட்டு வந்திருக்கீங்களே?"

ஒவ்வொரு டயருக்குக் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். ஹேண்டில்பாரில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார்கள். சாமந்திச் சரம் கட்டினார்கள். நெற்றியில் இடம் இல்லாததால் ஹெல்மெட்டின் மேல் மூன்று கோடு விபூதி போட்டார்கள். உயரமான பையன் ஒருவன் மரியாதைக்காக ஷூவைக் கழற்றினான். அதைப் பார்த்து எல்லோரும் கழற்றும்படி ஆயிற்று. வெறுங்காலோடு பெடலை மிதித்துக்கொண்டு பெங்களூர் கிளப் கரட்டை நோக்கிக் கிளம்பியது. முன்னாலும் பின்னாலும் குடும்பங்கள்.

பாதை முடிகிற இடமான ஏரி மதகுக்குப் பக்கத்தில் ராஜமாணிக்கமும் ரேணுகாம்பாளும் போய் நின்றார்கள். சந்திரகலா கணக்குப்படி அரை மணி நேரத்தில் முதல் ஆள் வர வேண்டும். வரவில்லை. வெயில் ஏறியது. ஒரு நாய் வந்தது. அதன் வாயில் வடை இருந்தது.

"இன்னும் காணமே" என்றாள் ரேணுகாம்பாள்.

"எப்படி வருவாங்க? ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு அண்டா நிக்குது. முதல் கல்லுல பொங்கல். அடுத்ததுல சுண்டல். அதுக்கு அடுத்ததுல மோர். சுத்தறவங்க வேணாம்னு சொல்லக் கூடாதாம். வாங்கிச் சாப்பிட்டுத்தான் நகரணுமாம். மேட்டுல பொங்கலோட சைக்கிள் ஓட்ட முடியுமா?"

அவர் கண் முன்னால் ஸ்டூல் தெரிந்தது. "மாமா, அந்தச் சொம்பை எடுங்க" என்று சின்னசாமி சொல்வது காதில் கேட்டது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரேணுகாம்பாளுக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்க. நல்ல மனசோடதானே செஞ்சீங்க" என்றாள்.

அப்போது கரட்டின் மேலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"அரோகரா!"

சந்தன குங்குமத்தோடு ஒரு சைக்கிள் இறக்கத்தில் பாய்ந்து வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் உயரமான பையன், கழுத்தில் சாமந்தி மாலை பறக்க, இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து விரித்துக்கொண்டு, "அரோகரா!" என்று கத்தியபடி வந்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது என்பது ராஜமாணிக்கத்துக்கு நிச்சயமாகத் தெரியும். கடைசியாகச் சந்திரகலா வந்து, மதகில் சாய்ந்து இறங்கி, மூச்சு வாங்கினாள். ஒரு கையில் தொன்னை. தொன்னையில் பொங்கல்.

ராஜமாணிக்கம் கையைக் கூப்பினார். "அம்மா, மன்னிச்சுக்கங்க. நான் எவ்வளவோ..."

"சார், இது மவுண்டன் பைக் பாதையே இல்ல சார்" என்றாள் சந்திரகலா.

"தெரியும்மா."

"நாங்க எத்தனையோ காட்டுக்குப் போயிருக்கோம். ஒருத்தர் எங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. காஞ்சுபோன ரொட்டியைத் தின்னுட்டு வருவோம். இன்னிக்கு மேட்டுல என் சைக்கிள் நின்னுடுச்சு. ரெண்டு அக்கா பின்னாலேர்ந்து தள்ளி விட்டாங்க சார்! தள்ளிக்கிட்டே எனக்கு எப்பக் கல்யாணம்னு வேற கேட்டாங்க."

"அது... ஊர் வழக்கம்மா."

"நான் போட்ட மேப்தான் சார் தப்பு. இந்தப் பக்கமா சுத்தினாத்தான் கடைசி இறக்கத்துல அண்ணாமலை முழுசா எதிர்ல நிக்குது. பிரேக் பிடிக்கவே மறந்துட்டேன்." அவள் ஒரு வாய் பொங்கலைப் போட்டுக்கொண்டாள். "மாசம் ஒரு தடவைன்னு சொன்னேன் இல்ல? ரெண்டு தடவை வரோம். ஒரே கண்டிஷன். கல்லு, பொங்கல், அந்த இடுப்புல கை வச்ச அம்மா, எதையும் மாத்தக் கூடாது."

ராஜமாணிக்கம் கூப்பிய கையை இறக்கவே மறந்துவிட்டார். ரேணுகாம்பாளைப் பார்த்தார். அவள் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படிப் பார்த்தது இதற்கு முன் ஒரு தடவைதான். அது முயல் குட்டி போட்டபோது.

சாயங்காலம் வேன் கிளம்பிப் போனதும் அவர் அந்த வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஊரார் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். கன்னியம்மாள் மீந்த சுண்டலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான்தான் சொன்னேனே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

"இப்ப உன் தம்பி மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு" என்றார் ராஜமாணிக்கம். "ஸ்டூலைத் துடைச்சு வச்சுக்கிட்டு, மாமா நாளைக்கு வருவாரு, அதட்டி வேலை வாங்கலாம்னு காத்துக்கிட்டிருந்தான். பாவம், ஏமாந்துட்டான்."

"காலையிலேர்ந்து எத்தனை தடவை போன் பண்ணான் தெரியுமா? கிளப்புக்காரங்க இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்கன்னு."

"பண்ணுவான். இப்பதான் நானே கூப்பிட்டுச் சொன்னேன். 'மாப்ள, நான் கடைக்கு வரலே'ன்னேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்ல. அப்படியே உடைஞ்சு போயிட்டான்."

அதைச் சொல்லி அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது சரக்கு வண்டி வாசலில் வந்து நின்றது. அப்பாதுரை இறங்கி, பின்கதவைத் திறந்து, வைக்கோலுக்கு நடுவிலிருந்து எதையோ தம் கட்டித் தூக்கினான். பளபளவென்று ஒரு பெரிய வெண்கல மணி.

"இன்னாது அப்பாதுரை?"

"முதலாளி கொடுத்தனுப்பினாருங்க. கடையிலேயே பெரிய மணி. தோப்புல அந்தக் கல்லுக்கிட்ட கட்டணுமாம். வேண்டுதலாம்."

"வேண்டுதலா? அவனுக்கா? அவனுக்கு இன்னா குறை?"

அப்பாதுரை மணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? முதல்ல குங்குமம் வச்சதே அவருதாங்க. 'எங்க மாமா கடைப்பக்கம் வராம இருந்தா வெண்கல மணி கட்டறேன்'னு, நீங்க அடிச்ச பெயின்ட் காயறதுக்குள்ளயே வேண்டிக்கிட்டாரு."